கேட்டுக்கு முன்னால் நான்கு மாத்திரை

போன வாரம் ஒரு விடியற்காலையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை பிறந்தது.

கித்தா மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், இலை உதிர்க்கும் காலம். செலண்டார் தார்ச்சடக்கிலிருந்து எங்கள் பழைய தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில் செம்பழுப்பு இலை கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. பனி இடுப்பளவில் மிதந்தது. அதற்குள்ளிருந்து வீராசாமி தண்டல், தன் பால் வெட்டுக்காரர்களைப் பார்வையிடக் கித்தாக் காட்டுக்குப் போகிறவர், மெல்ல நடந்து வந்தார். பாதை நடுவில் ஓரிடம் வந்ததும் நின்றார். இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு விரித்துத் தூக்கினார். மூன்று மூச்சு விடும் நேரம் அப்படியே நின்றார். பிறகு கைகளை இறக்கிவிட்டு மேலே நடந்தார்.

அங்கே யாரும் இல்லை. எங்கள் பகுதியைக் கெடுபிடி நீங்கிய 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்து, முள்வேலியைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆறு வாரம் ஆகிவிட்டது. கேட் இல்லை. காவல்காரன் இல்லை. கம்பங்கள் நட்டிருந்த இரண்டு குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது.

"தண்டலய்யா, யாரும் இல்லாத எடத்துல எதுக்குக் கையத் தூக்குனீங்க?" என்று கேட்டேன்.

"தூக்குனேனா?" என்றார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தண்ணிப் போத்தல் எங்க?"

"எதுக்குப் போத்தலு? வீட்லயே ரெண்டு செம்பு குடிச்சிட்டுத்தான் வந்தேன். மத்தியானம் வரைக்கும் தாங்கும்லா."

அவருக்குக் கொடுப்பதற்கென்று மலாக்கா டாக்டர் என்னிடம் ஒப்படைத்திருந்த புது மாத்திரைகள் என் சைக்கிள் பையில் இருந்தன. அவற்றைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

*

நான் ஓய்வு பெற்றவன். வயது இருபத்தாறு. சிரிக்காதீர்கள், கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எங்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு, அதில் ஏழு வருடம் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் சின்ன டிரெசராக இருந்த என்னை 'சேவையிலிருந்து ஓய்வு' என்று அனுப்பிவிட்டார்கள். டிரெசர் பயிற்சிக்குப் போகவிருக்கும் இளைஞர்கள் மூன்று பேர் போன மாதம் பாயா ரும்புட்டிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். "அண்ணே, புஸ்தகத்துல இல்லாதத எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். இத்தனை சீக்கிரம் எனக்குப் பழங்கதை சொல்லும் தகுதி வந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டுப் போட்டேன், ஊசி போட்டேன், கிருமிகளின் லத்தீன் பெயர்களைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்போடு பத்தொன்பது வயதில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே தேவசகாயம் ஐயா இருந்தார்.

பெரிய டிரெசர் அவர். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை. நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், உறுப்பைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "காது, உள்ள வா." "வயிறு, நீ கொஞ்சம் பொறு." மாத்திரைகளைக் கண்ணாடித் தட்டில் கொட்டி, எலும்புப் பிடி போட்ட ஒரு தட்டைக் கத்தியால் ஐந்தைந்தாக ஒதுக்கி வாய்விட்டு எண்ணுவார். நடுவில் யாராவது வாயைத் திறந்தால், துரையாகவே இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் மறுபடி குவித்து ஒன்றிலிருந்து தொடங்குவார். காலை வெயில் அந்தக் கண்ணாடித் தட்டில் விழுந்து கூரையில் ஒரு வெளிச்சக் குளமாக ஆடும். மருந்துக்காக நிற்கிறவர்கள் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். எனக்கு அந்த வேலை கோயில் பூசை மாதிரித் தோன்றும். கூடவே, இவ்வளவு மெதுவா என்று கால் துறுதுறுக்கும்.

பொட்டலத்தின் மேல் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து அழகு. எழுத வேண்டும், படித்துக் காட்ட வேண்டும், நோயாளியைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். இந்த மூன்றும் சட்டம்.

வேலியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கட்டுப்பாடு கடுமையாக இருந்த வருடங்கள் அவை. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதுவும் போய்ச் சேரக்கூடாது என்று, காலையில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவரையும் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அரிசி கூடாது, மீன் டப்பா கூடாது, மருந்து கூடவே கூடாது. எங்கள் கேட்டில் தண்ணீர்ப் போத்தலைக்கூட மோந்து பார்த்து, சந்தேகம் வந்தால் கவிழ்த்துவிடுவார்கள். அதனால் பலர் போத்தலே எடுத்துப்போவதில்லை. ஆறு மணிக்குக் கேட்டைத் தாண்டினால் வீடு திரும்ப மத்தியானம் ஒரு மணி ஆகும்.

*

வீராசாமி தண்டல் முதல்முறை காலைக் காட்ட வந்தது ஒரு சாயங்காலம். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் முன்பக்கம் வெட்டிய ரப்பர் செருப்பு. ஐம்பது வயது, காதுவரை முறுக்கிய மீசை. பெருவிரல் மூட்டு பழுத்த ஜம்புப் பழம் மாதிரி சிவந்து பளபளத்தது.

"ராத்திரி போர்வை நுனி பட்டா உசிரு போவுதுங்கய்யா. நண்டு கவ்வுன மாதிரி."

தேவசகாயம் ஐயா தொடவில்லை. குனிந்து பார்த்தார். "கவுட்டு. ரத்தத்துல யூரிக் அமிலம் கூடிப்போயி மூட்டுல உப்பாப் படியுது. கள்ளு உண்டா, பெருவிரலு?"

"ஞாயித்துக்கெழமை மட்டுந்தாங்க."

"வாரத்துக்கு எத்தன ஞாயிறு?"

தண்டல் மீசைக்குள் சிரித்தார். "சம்பள வாரத்துல ஒண்ணு ரெண்டு கூடும்."

அதற்கான கோல்ச்சிசின் மாத்திரை விஷ அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அன்று நடைமுறையில் இருந்த விதி இது: இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வீதம் கொடுக்க வேண்டும். வலி தணிந்தாலோ, குமட்டினாலோ, வயிறு இளகினாலோ அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. ஒன்றை விழுங்கு, உடம்பைப் பார், பிறகு அடுத்தது. இரண்டு மாத்திரைகளுக்கு நடுவில் உள்ள அந்த நேரம்தான் வண்டிக்குப் பிரேக். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

பன்னிரண்டு மாத்திரைகள். பொட்டலத்தில் அழகாக எழுதினேன்: நாளைக் காலை 6, 8, 10, 12, 2, 4, 6. வலி நிற்காவிட்டால் மறுநாளும் அப்படியே. கீழே: வயிறு போனால் நிறுத்தவும். படித்துக் காட்டினேன். தண்டல் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். ஐயா தலையசைத்தார். மூன்று சட்டங்களும் நிறைவேறிவிட்டன.

கால் வலிக்கு ஓய்வெடுக்கச் சொன்னோம். ஆனால் அவர் தண்டல். அவர் நொண்டினால் நிரைகளில் யாரும் நேராக வெட்டமாட்டார்கள் என்பது அவர் நினைப்பு.

இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவரை ஒரு பலகையில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கண்கள் குழிந்து, உதடு காய்ந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது. வாந்தி, தண்ணீராய்ப் பேதி. நாடி நூலாக ஓடியது. காலராவோ என்று லயமே கலங்கியது. கெட்ட சாப்பாடாக இருக்கும் என்றேன் நான். ஐயா தண்டலின் மனைவி அஞ்சலையம்மாளைப் பார்த்து, "மாத்திரைப் பொட்டலத்த எடுத்துட்டு வாம்மா" என்றார்.

பொட்டலம் வந்தது. கண்ணாடித் தட்டில் கவிழ்த்தார். ஒரே ஒரு மாத்திரை உருண்டு வந்து நின்றது.

"ஒண்ணு" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நேற்று ஏழு. இன்று ஆறு, எட்டு, பத்து என்று மூன்று. இரண்டு மீதி இருக்க வேண்டும். மணி பதினொன்றுதான் ஆகிறது. பன்னிரண்டு மணி மாத்திரை அதற்குள் போய்விட்டது.

"அம்மா, பன்னெண்டு மணி மாத்திரை எங்க?" என்று கேட்டேன்.

"அதான் விடியறப்பவே முழுங்கிட்டாரே." அஞ்சலையம்மாள் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஆறு, எட்டு, பத்து, பன்னெண்டு, நாலையும் உள்ளங்கையில வச்சு ஒரே மடக்கு. நேத்தும் அப்பிடித்தான். கேட்டுல மருந்து கொண்டுபோக விடுவானா? இஞ்சி மரப்பா முந்தானையில முடிஞ்சிருந்ததுக்கே என்னைய ரெண்டு மணி நேரம் நிக்க வச்சானுங்க."

"ராத்திரி வயிறு போகலியா? போனா நிறுத்தச் சொல்லியிருந்தேனே!"

"போச்சு. கருவாட்டுக் கொழம்பத் திட்டிட்டுப் படுத்துக்கிட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்கதான தம்பி படிச்சவரு? மணி போட்டு எழுதுனீங்களே, எட்டு மணிக்கு அந்த மனுசன் எங்க இருப்பாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கேட்டை நானும் தினமும் தாண்டிக்கொண்டுதான் இருந்தேன். என் மருந்துப் பைக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. காவல்காரன் சலாம் போட்டு விட்டுவிடுவான். அதனாலேயே அந்தக் கேட் என் கண்ணில் விழுந்ததே இல்லை. தண்டலோ இரண்டு உத்தரவுக்கும் கட்டுப்பட்ட மனிதர். டிரெசர் சொன்ன எண்ணிக்கையும் தவறக்கூடாது, கேட்டில் சொன்ன சட்டமும் தவறக்கூடாது. இரண்டையும் காப்பாற்ற அவருக்கு இருந்த ஒரே வழி அந்த உள்ளங்கைதான். பிரேக்கை நான் பொட்டலத்தில் எழுதிக் கொடுத்தேன், கேட் அதைக் கழற்றிவிட்டது.

*

இதற்கு மாற்று மருந்து கிடையாது. போன தண்ணீரைத் திரும்ப ஏற்றலாம், காத்திருக்கலாம், அவ்வளவுதான். ஐயா நரம்பைத் தேடி சலைன் ஏற்றினார். "மலாக்காவுக்குக் கொண்டுபோ" என்றார் என்னிடம். கிளம்புமுன் தினக்குறிப்பை நீட்டினார்.

"என்னன்னு எழுதறது ஐயா?"

"நடந்தத எழுது. யார் தப்புன்னு எழுதாத. அதுக்கு இந்தப் புஸ்தகத்துல கோடு போடல."

தோட்டத்து லாரியில் மெத்தையைப் போட்டுத் தண்டலைக் கிடத்தினோம். அஞ்சலையம்மாள் தலைமாட்டில். நான் சலைன் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டில் லாரி நின்றது. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் போத்தலைப் பார்த்தார்.

"ஊபாட்?" மருந்தா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். துரை கொடுத்த அனுமதிக் கடிதம் என் சட்டைப்பைக்குள் இருந்தது. எடுக்கக் கை ஒழியவில்லை. அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். என் கையிலிருந்த போத்தலை வாங்கி, நான் பிடித்திருந்த அதே உயரத்தில் தான் பிடித்துக்கொண்டார். நான் கடிதத்தை எடுத்து விரித்துக் காட்டினேன். அவர் படிக்கவில்லை, தண்டலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மண்டோர்," என்று தண்டலைத் தன் மொழியில் மெல்லக் கூப்பிட்டார். தினமும் தான் தடவிப் பார்த்து அனுப்பிய மனிதர் அல்லவா. பிறகு போத்தலை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிக் கேட்டைத் திறந்தார்.

அந்தப் பயணம் இப்போதும் எனக்குக் கனவில் நடந்த மாதிரியே இருக்கிறது. அதுவும் இலையுதிர் காலம்தான். கிளைகள் மொட்டையாக, வானம் முழுவதும் கோடு கோடாக மேலே ஓடிக்கொண்டிருந்தன. சக்கரத்தடியில் காய்ந்த இலைகள் நொறுங்கும் சத்தம். போத்தலுக்குள் சொட்டு விழுவதை எண்ணிக்கொண்டே வந்தேன். நிமிஷத்துக்கு இத்தனை என்று தொடங்கி, பிறகு எண்ணிக்கை மறந்து, ஒவ்வொரு சொட்டையும் வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் லாரி குலுங்கி நின்றது. தண்டல் கண்ணைத் திறக்காமலே முனகினார்.

"கேட்டு வந்திருச்சா தம்பி? கையத் தூக்கணுமா?"

ஊசி ஏறியிருந்த கையைத் தூக்கப் பார்த்தார். நான் ஒரு கையால் போத்தலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கையை அழுத்திப் பிடித்தேன். "வேணாங்கய்யா. தூக்க வேணாம். தூக்காதீங்க." அதையே மலாக்கா போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

மூன்று நாள் அவருக்குச் சிறுநீர் இறங்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. நான்காம் நாள் காலை அஞ்சலையம்மாள் வார்டு வாசலுக்கு ஓடி வந்து, அத்தனை பேர் முன்னால், "தம்பி! ஒண்ணுக்குப் போயிட்டாருப்பா!" என்று கத்தினார். அதைவிட இனிமையான செய்தி என் காதில் அதுவரை விழுந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து மருந்து தன் கடைசி வேலையைக் காட்டியது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மீசையும் போய்விட்டது. முகம் தெரியாத ஆளாகக் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து நின்றவரிடம் வெட்டுக்காரர்கள் கேட்டார்களாம்: "எந்தக் கோயிலுக்குத் தண்டலு முடி குடுத்தீங்க?"

"டிரெசரு கோயிலுக்குடா. மீசைக்கும் சேத்து வேண்டுதல்."

முடி பிறகு வளர்ந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று சட்டங்கள் நான்காயின. நான்காவதை யாரும் சட்டமென்று அறிவிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை தேவசகாயம் ஐயா கண்ணாடித் தட்டில் எண்ணி முடித்த மாத்திரைகளை என் பக்கம் தள்ளாமல், கத்தியைக் குறுக்கே வைத்துக்கொண்டு நோயாளியைக் கேட்டார்: "முதுகு, எட்டு மணிக்கு நீ எங்க இருப்பே? பத்து மணிக்கு?" அந்த ஆள் தன் நாளைச் சொல்லி முடிக்கும்வரை கத்தி நகரவில்லை. கூரையில் வெளிச்சக் குளம் அசையாமல் நின்றது. பயிற்சிக்குப் போகிற தம்பிகளே, நீங்கள் கேட்ட, புத்தகத்தில் இல்லாத விஷயம் இதுதான்.

*

இப்போது மலாக்கா டாக்டரிடம் புது மாத்திரை வந்திருக்கிறது. வலிக்கான மருந்தல்ல. யூரிக் அமிலத்தைச் சிறுநீரோடு வெளியே தள்ளுவது. தண்டலின் ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்த்து, கொடுக்கலாம் என்று சொன்னவர், நிபந்தனைகளையும் சொன்னார். விரல் வீங்கியிருக்கும்போது தொடங்கக்கூடாது. சின்ன அளவில் ஆரம்பிக்க வேண்டும். தொடக்கத்தில் வலி ஒருமுறை வந்து போகலாம், பயந்து தானாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது, வந்து காட்ட வேண்டும். வலியே இல்லாத நாளிலும் விடாமல் சாப்பிட வேண்டும். கடைத்தெருவில் விற்கும் ஆஸ்பிரின் தலைவலிப் பவுடர் கூடாது, அது இந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். எல்லாவற்றையும்விட, நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியேறுகிற அமிலம் சிறுநீரகத்திலேயே கல்லாக உறைந்துவிடும்.

மாத்திரை காலையிலும் மாலையிலும் சாப்பாட்டுக்குப் பின், வீட்டில். கேட்டைத் தாண்ட வேண்டியதில்லை. தாண்ட வேண்டியது தண்ணீர்தான். அந்த மனிதரோ மத்தியானம் வரைக்குமான தண்ணீரை விடியும் முன்பே செம்பில் மொண்டு குடித்துவிட்டு, இல்லாத கேட்டின் முன் வெறுங்கையோடு நிற்கிறார். அன்று அந்த நான்கு மாத்திரைகளை விழுங்கியது போலவேதான் இதுவும். நான் எழுதிக் கொடுத்தால் இந்த முறையும் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வார் என்பதுதான் எனக்குப் பயம்.

அதனால் நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மாத்திரையை அஞ்சலையம்மாளிடம்கூடக் கொடுக்கவில்லை. திட்டத்தைச் சொன்னேன்.

"மாத்திர இல்லாம வெறும் தண்ணிக்கு ஒரு வைத்தியமா?" என்று தண்டல் சிரித்தார். மீசை பழையபடி காதைத் தொடுகிறது.

"போத்தலு ரெண்டு நான் தாரேன்" என்றார் அஞ்சலையம்மாள். "ஆனா தம்பி, நீங்களும் கூட நடக்கணும். எழுதிக் குடுத்துட்டுப் போயிறக் கூடாது."

நாளை விடியற்காலை ஐந்தரைக்கு அவர் வாசலில் இருப்பேன். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். அவர் வலது கையில் ஒன்று, என் இடது கையில் ஒன்று, நடுவில் கோத்த எங்கள் இரண்டு கைகள். அந்த இரண்டு குழிகளுக்கு நடுவே நடப்போம். கை உயர்ந்தால், மறுநாளும் போவோம். உயராமல் தாண்டிவிட்டால் அங்கேயே நின்று இரண்டு பேரும் ஒரு வாய் தண்ணீர் குடிப்போம். அப்படி ஏழு காலைகள் சேர்ந்தபிறகுதான் மாத்திரைப் பொட்டலம்.